“எனக்குக் குடுங்க” என்று கேட்ட அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை வாயாடி என்று அன்போடு அழைத்த உங்களில் பலருக்கு, இளமையில் அவர் பேசவே தயங்கியவர் என்பது தெரியாது.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த எங்கள் அரியூர் நாட்டில், மரவள்ளியும் சாமையும் விளைவிக்கும் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டில் அப்பா காலமானார். நான் அப்போது சிறுவன். அக்கா மேற்படிப்பை விட்டுவிட்டு, செம்மேட்டில் புதிதாகத் தொடங்கியிருந்த சாமை ஆலையில் பாக்கெட் போடும் வேலைக்குச் சேர்ந்தார். யாராவது பெயர் கேட்டால்கூடக் குனிந்துகொண்டுதான் சொல்வார்.

சில ஆண்டுகள் கழித்து ஆலையின் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனார். சேலத்திலிருந்து வந்த மேனேஜர் எல்லோரையும் கூட்டி, “சேந்தமங்கலத்துல ஒரு ஆளைப் பேசிட்டு இருக்கேன். அடுத்த மாசம் வந்துருவாரு” என்றார். அக்கா எழுந்து நின்றார்.

“சார், அந்த வேலைய எனக்குக் குடுங்க.”

“உனக்கா? நீ பேசி நான் கேட்டதே இல்லையேம்மா. இத்தனை பேரை எப்படி வேலை வாங்குவ?”

“பழைய சூப்பர்வைசரு லீவு போட்டப்பெல்லாம் லோடு ஏத்தி லாரிய அனுப்புனது நானுங்க. சொல்லாம இருந்ததால உங்களுக்குத் தெரியலீங்க. ஒரு மாசம் பாருங்க. சரிப்படலைன்னா பழையபடி பாக்கெட்டே போடறேனுங்க.”

மேனேஜர் எல்லோரையும் வேலைக்குப் போகச் சொன்னார். கூட்டம் கலைந்தது. வீட்டுக்கு வந்த அக்கா, “இருக்கிற வேலையும் போயிருமோம்மா” என்று பயந்தார். அம்மா, “கேட்டது கேட்டுட்ட கண்ணு. இப்ப சோத்தத் தின்னு” என்றார். எங்கள் வீட்டில் அப்போது வேறு வருமானம் கிடையாது.

அடுத்த வாரம் மேனேஜர் அழைத்து, ஒரு மாதம் பார்ப்போம் என்றார். அந்த மாதம் முடிந்ததும் வேலை நிரந்தரமானது. “நீ கேக்கலைன்னா எனக்குத் தோணியே இருக்காது” என்று அவர் சொன்னதை அக்கா எங்களிடம் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அதன்பின் அவர் வாய் மூடவில்லை. காலைப் பஸ் வந்து சேருமுன் வேலை தொடங்குவதால் பெண்கள் திட்டு வாங்குவதைச் சொல்லி, நேரத்தை மாற்றவைத்தார். எல்லாமே கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கேட்டபோது முதலாளி எரிந்து விழுந்தார்; மறுபடி கேட்டபோதும் மறுத்தார். மேனேஜர் சேலத்துக்கே திரும்பியபோது, தன் இடத்துக்கு அக்காவைத்தான் பரிந்துரைத்தார். மேனேஜரான அக்கா முதலில் கட்டவைத்தது அந்தக் கழிப்பறையைத்தான். அவர் சம்பளத்தில்தான் நான் படித்து, இன்று நாமக்கல்லில் லேப் டெக்னீசியனாக இருக்கிறேன்.

நோய் முற்றி நாமக்கல் மருத்துவமனையில் இருந்தபோது, நான் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு, “எனக்கு ஒரு குறையும் இல்ல சாமி. வேணுங்கறத வாய்விட்டுக் கேட்டேன். பாதிக்கு மேல கெடச்சுது” என்றார். அவர் முகம் அப்போது தெளிவாகவே இருந்தது.

அக்காவைக் கடைசிவரை கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட அவருடைய கணவரான மாமாவுக்கும், இரவு பகல் பாராமல் கார் ஓட்டிய பக்கத்து வீட்டாருக்கும், சேலத்திலிருந்து மலையேறி வந்து அஞ்சலி செலுத்திய பழைய மேனேஜருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா படுத்தபின், “நான் பாத்துக்கறேனுங்க” என்று முதலாளியிடம் தானே போய்க் கேட்டுப் மேனேஜர் பொறுப்பை ஏற்ற, ஆலையில் அவருடன் வேலை செய்த தோழிக்கும் நன்றி. நினைவு நாளுக்கு ஆலையை மூடட்டுமா என்று அந்தத் தோழி எங்களைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நீங்கள் இதைப் படிக்கும் இன்றும் ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது.