அண்ணையின் தண்ணீர்க் குழாய்

கொழும்புத்துறைப் பூங்காவில், யாரோ சரியாக மூடாத குழாய் கல்தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது.

எண்பத்தேழில் ஷெல் விழுந்து என் அண்ணை இந்தப் பூங்கா வாசலில் கிடந்தபோது, கள்ளுச் சீவிக்கொண்டிருந்த மணியம்தான் பனையால் இறங்கி ஓடிவந்து தன் செம்பில் தண்ணீர் பருக்கினார். அதைக் குடித்துவிட்டுத்தான் அண்ணை கண்ணை மூடினான். அவன் நினைவாக அப்பா இந்தக் குழாயைக் கட்டிக் கொடுத்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது.

எங்கள் கிணற்றுக் கயிற்றை மணியத்தின் சாதி தொடக்கூடாது. அம்மா வாளியால் ஊற்ற, கையேந்தித்தான் குடிப்பார். குழாய் திறந்த அன்று முதல் ஆளாக வந்து கையை நீட்டினார்.

“பொறு மணியம், பைப்பிலை கை வையாதை. கையை ஏந்து, நான் திறந்துவிடுறன்” என்றாள் அம்மா.

“சாகேக்கை தம்பி என்ரை செம்பிலை வாய் வைச்சுத்தானே குடிச்சவர், அம்மா?”

அம்மா குழாயை முழுதாகத் திறந்தாள். ஏந்திய கைகளிலிருந்து தண்ணீர் வழிந்து ஓடியது. அவர் குடிக்காமலே போனார்.

இப்போது தொட்டிக் கல்லில் வெட்டிய எழுத்துகளுக்குப் புதிதாகக் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். ‘தாகத்தோடு வரும் எவருக்கும்.’ அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவள் அம்மா.