நான்காவது பாட்டில் என் குரல் இல்லை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் டெல்மர் ரட் பாடிய பழைய ஞானப்பாட்டுகளின் இசைத்தட்டு உங்கள் வீட்டில் இருந்தால், உறையைத் திருப்பிப் பாருங்கள். உடன் பாடியவர் வெர்டி என்று போட்டிருக்கும். அந்த வெர்டி நான்தான். நான்காவது பாட்டை முடிக்கிற பெண் குரல் என்னுடையதல்ல. நான் பிரசங்கியார் மகள். இதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

டெல்மர் என் அக்கா ஓலீட்டாவின் கணவர். ஒரு காலத்தில் சனிக்கிழமை ஆனால் கென்டக்கி மலையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் அவர்கள் இரண்டு பேரின் பாட்டுத்தான் ரேடியோவில் ஓடும். அவர் மதுக்கடைகளில் பாடி வளர்ந்தவர். சபைப் பாட்டுகளை வரிவரியாக அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அக்காதான். அப்பாவின் சபையில் பாடிய பாட்டுகளை ஒரே தட்டாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வேறெதையும் அவள் பெரிதாகக் கேட்டதில்லை.

போன குளிர்காலத்தில் அவள் தொண்டையில் கட்டி வந்தது. உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

இலையுதிர் காலத்தில் புண் சீழ் பிடித்து, மறுபடியும் லெக்ஸிங்டன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போதுதான் டெல்மர் என் வீட்டுக்கு வந்தார்.

"தட்டு போடப் போறோம் வெர்டி. அவ இடத்துல நீதான் நிக்கணும். அவளே சொல்லிட்டா."

"அக்காவால பேச முடியாதே?"

"உதட்டை அசைச்சா எனக்குப் புரியாதா? பத்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். சந்தோஷத்துல அழுதுட்டா, பாவம்."

"நான் போய் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"இப்ப யாரையும் உள்ள விடமாட்டேங்கறாங்க. தொத்திக்குமாம். பாட்டு முடியட்டும், ரெண்டு பேருமா போவோம்."

நானும் அழுதேன். அக்கா என்னை நினைத்தாளே என்று.

நகரத்து ஸ்டுடியோவில் அந்தப் பாட்டுகளுக்கு உயிர் வரவில்லை. அதனால் அப்பாவின் மரக் கோயிலிலேயே பதிவு செய்வதென்று முடிவாயிற்று. மலைக்கு மேல், மதிய நேரம், நல்ல வெயில். நானும் டெல்மரும் அவருடைய கிதாரும். கடைசி பெஞ்சில் பதிவு மெஷினோடு வெர்ஜில். மொத்தம் மூன்று பேர்.

மூன்று பாட்டு முடிந்தது. சோள ரொட்டியும் காப்பியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெர்ஜில் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே என்னைப் பார்த்தார்.

"அம்மணி, பாட்டு எடுக்கறப்ப ரெண்டு தடவை மூச்சு இழுக்கறீங்களா?"

"இல்லையே... ஏன்?"

"ரெண்டு கேக்குது. ஒண்ணு உங்களோடது. இன்னொண்ணு உங்களுக்குக் கொஞ்சம் முந்தி."

டெல்மர் சிரித்தார். "உன் காதுல இருக்கற மெழுகைத் தோண்டினா இந்தக் கோயிலுக்கே மெழுகுவத்தி ஏத்தலாம், போய்யா."

நானும் சிரித்தேன்.

நான்காவது பாட்டு. ஆற்றுக்கு அக்கரையில் காத்திருப்பவர்களைப் பற்றியது. அக்கா இதை ஆரம்பித்தால் அப்பா பிரசங்கத்தையே நிறுத்திவிடுவார்.

டெல்மர் கிதாரைத் தொட்டார். என் இடது பக்கத்துப் பலகை மெல்ல அழுந்தியது.

க்ரீச்...

ஒருவர் வந்து நின்றால் அழுந்துமே, அப்படி. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

மூச்சை இழுக்கப் போனேன். எனக்கு முன்னால், காதுக்குப் பக்கத்தில், இன்னொரு மூச்சு இழுபட்டது.

முதல் சரணத்தை எப்படியோ பாடிவிட்டேன். இரண்டாவது சரணத்துக்கு மேல் என்னால் பாட முடியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டு நிற்கவில்லை.

பெண் குரல்... அதே சுருதியில்... போய்க்கொண்டே இருந்தது.

டெல்மர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவில்லை. வெர்ஜில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெல்மர் கண்ணைத் திறந்தார். மூடிய என் உதடுகளைப் பார்த்தார்.

கிதார் நின்றது.

குரல் நிற்கவில்லை.

கடைசி வரியைத் தனியாகப் பாடி முடித்தது.

பிறகு... மெஷின் சுற்றுகிற சத்தம் மட்டும்.

வெர்ஜில் டேப்பைப் பின்னால் ஓட்டிப் போட்டார். பாட்டு வந்தது. முடிந்தது. உஸ்ஸ் என்ற இரைச்சல். அதற்கடியில்...

"வெர்டீ..."

அக்காவின் குரல்.

"நீயுமா?"

நான் டெல்மரைப் பார்த்தேன்.

"அக்கா நிஜமாவே சரின்னாளா?"

அவர் கிதாரைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"டெல்மர். என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"அவளைக் கேக்கல." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கம்பெனிக்காரங்க இந்தத் தட்டே வேணாம்னுட்டாங்கன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா தாங்கமாட்டா, வெர்டி."

"உள்ள விடமாட்டாங்கன்னு சொன்னது?"

அவர் கிதாரை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

"அவ பாட்டு. அவ ஆசை. அதை அவளுக்கே தெரியாம என் வாயால திருடியிருக்கியே... நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

அன்றுவரை அவனை நான் நீ என்று சொன்னதில்லை. அந்த நிமிஷமே வெளியேறினேன். அதற்குப் பிறகு அவனோடு ஒரு வரிகூடப் பாடவில்லை. ஆனால் அந்த டேப்பை அவன் அழிக்கவில்லை. கடைசியில் பேசியதை மட்டும் வெட்டிவிட்டு, மீதியை அப்படியே தட்டில் சேர்த்தான். உறையில் என் பெயரைப் போட்டான். என்னிடம் கேட்கவும் இல்லை.

பாட்டுப் பதிந்த மறுநாளே லெக்ஸிங்டன் போனேன். வாசலில் ஒருவரும் தடுக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கண் கேட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். தட்டைப் பற்றிச் சொன்னபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. நீ என்னைப் பாத்து அப்படிக் கேட்டுட்டியே..."

அவள் திரும்பினாள். புரியாமல் பார்த்தாள். கோயிலில் நடந்ததைச் சொன்னேன். அவள் நிறம் மாறியது. தலையை ஆட்டினாள். உதடுகள் அசைந்தன.

நான் இல்ல.

மறுபடியும்.

வெர்டி... அது நான் இல்ல.

கட்டுப் போட்டிருந்த தொண்டையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

அப்போது நர்ஸ் மருந்தோடு உள்ளே வந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துச் சிரித்தாள்.

"ஒரே சாயல்! தினமும் பாட வர்றது நீங்கதானா?"

"இல்ல. நான் இன்னிக்குத்தான் வரேன். நாங்க அக்கா தங்கச்சி ரெண்டே பேர்."

"அப்ப தினமும் மத்தியானம் இந்த ரூம்ல பாடறது யாரு? குரல் என்னமா இருக்கும் தெரியுமா! நாங்கல்லாம் வெளியே நின்னு கேப்போம். கதவைத் திறந்தா இவங்க மட்டும் படுத்திருப்பாங்க. அவங்க எப்ப வராங்க, எப்ப போறாங்கன்னே தெரியாது."

அக்காவின் நகம் என் கையில் பதிந்தது.

நர்ஸ் மருந்தைக் கிளாஸில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"நேத்து மட்டும் வரல."