இரண்டு கதவு கார்

அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடிய மூன்றாவது மாதம் எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது. அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் அப்போது ஏழெட்டு வீடுகளில் கார் இருந்திருக்கும். அந்த வீடுகளில் எல்லாருக்கும் வேலையும் இருந்தது.

கார் கதவுகளின் ஓரத்தில் ஒட்டும் ரப்பர் பட்டையைச் செய்கிற கம்பெனி அது. மறைமலை நகரில் இருந்தது. அப்பா அங்கே இருபது வருடம் இருந்தார். கடைசியில் தரம் பார்க்கும் பிரிவில் சூப்பர்வைசர். எந்தக் காரைக் கண்டாலும் கதவைத் திறந்து அந்த ரப்பரை விரலால் அமுக்கிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை இறங்கி முடிப்பதற்குள் அப்படிச் செய்து அம்மாவிடம் பேச்சு வாங்கினார். எங்களிடம் இருந்ததென்னவோ ஸ்கூட்டர்தான்.

பெருங்களத்தூரில் பழைய கார் விற்கும் ஓர் இடத்தில், கடைசி வரிசையில், சுவரோடு ஒட்டி அது நின்றிருந்ததாம். தரையோடு படுத்தாற்போல ஒரு சாம்பல் நிற வண்டி. இரண்டே கதவு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் சீட் என்ற பெயரில் ஒரு பள்ளம். முன்சீட்டை மடக்கித்தான் அதற்குள் நுழைய வேண்டும், அதுவும் அப்போதைய என் உயரத்து ஆள்தான் நுழைய முடியும். குடும்பம் உள்ளவனுக்கு அது உதவாது, பணம் உள்ளவனுக்கு அதன் பெயர் போதாது. அதனால் வருடக்கணக்கில் அதை யாரும் கேட்கவில்லை. ஒரு புதுச் சின்னக் காரின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்துவிட்டார்கள்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். நாலு கதவுக்கு ரப்பர் போட்டுப் போட்டு மாப்பிள்ளைக்கு அலுத்துவிட்டது போல என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, காபி குடிக்காமலே போனார். அப்பா கோபப்படவில்லை. அவர் என்னை மட்டும் உட்கார வைத்து எஞ்சினை ஓடவிட்டார். அடிவயிற்றில் யாரோ மெதுவாகத் தட்டுவது போல இருந்தது.

"பெரிய பேர் இருக்கிற வண்டியில இதே எஞ்சினை வெச்சா நம்மால கிட்டவே போக முடியாது பாப்பா," என்றார். "இதை யாரும் திரும்பிப் பார்க்கல. அதனாலதான் நம்மகிட்ட வந்திருக்கு."

எனக்குப் பத்து வயது. உலகத்திலேயே சிறந்த பொருளை எல்லாரும் தவறவிட, என் அப்பா மட்டும் கண்டுபிடித்துவிட்டார் என்று நம்பினேன். பாதி உண்மையும்கூட.

எங்கள் பக்கத்து வேகத்தடைகள் அந்த வண்டியை மனதில் வைத்துப் போட்டவை அல்ல. ஒவ்வொன்றிலும் வண்டியின் அடிப்பாகம் தட்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வழியில் ஐந்து தடைகள். ஒவ்வொன்றுக்கும் அம்மா பட்டுப்புடவையோடு இறங்கி, சீட்டை மடக்கி, என்னையும் இறக்குவாள். அப்பா வண்டியைக் குறுக்காக நெளித்துத் தாண்டுவார். நாங்கள் நடந்து போய் மறுபடி ஏறுவோம். முதல் பாட்டு முடிந்த பிறகுதான் சர்ச்சுக்குள் நுழைவோம். அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிறவள், வீட்டில் அந்த வண்டியைப் பற்றிப் பேசாமல் இருந்ததே எனக்கு ஆச்சரியம்.

முதலில் அப்பா வேலை தேடித்தான் போனார். ஃபைலை முன்சீட்டில் வைத்துக்கொண்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று போவார். வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவாராம். இப்படி ஒரு காரில் வந்து இறங்குகிறவனுக்கு வேலை தேவை என்று யார் நம்புவார்கள்? நடந்து போனவரிடமும் வயது நாற்பத்தேழு என்றதும் பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள். மழைக்காலம் வருவதற்குள் ஃபைல் வீட்டிலேயே தங்கத் தொடங்கியது. அப்பா மட்டும் போய்வந்தார். சில நாள் எங்கும் போகாமல், வாசலில் நிற்கும் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிட அழைக்கப் போனால், நான் யார் என்று யோசிப்பவர் போலப் பார்ப்பார்.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது அம்மா பீரோவின் முன் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு வெள்ளைத் தாள். அதில் அப்பாவின் குண்டுக் கையெழுத்து. வீட்டுப் பத்திரம் எங்கே, கேஸ் புத்தகம் எங்கே, கரண்ட் கார்டு எங்கே, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார். தரம் பார்த்தவர் அல்லவா, வீட்டையும் ஒழுங்குபடுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு, இனிமேல் அப்பா வண்டியை எடுத்தால் நானும் கூடப் போக வேண்டும் என்றாள். வீட்டுப்பாடம் இருக்கிறதே என்றேன். பரவாயில்லை என்றாள். ஒரு டீச்சர் அப்படிச் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மதியம் அப்பா சாவியை எடுத்தார். நான் ஓடிப் போய் நின்றேன்.

"இன்னிக்கு வேணாம்டா. அப்பா சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."

அம்மா ஈரக்கையோடு வந்து கார் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அவளும் வரட்டும்."

"வேணாம்னு சொல்றேன்ல."

"அவ வரலேன்னா நீங்களும் போக வேணாங்க."

அப்புறம் அம்மாவே சீட்டை மடக்கி, என்னைப் பின்னால் ஏற்றி, பெல்ட்டை மாட்டி, இருமுறை இழுத்துப் பார்த்தாள்.

வண்டலூர் தாண்டி, புதிதாகத் திறந்திருந்த வெளிவட்டச் சாலையில் ஏறினோம். அங்கே வேகத்தடை கிடையாது. அந்த வண்டி எதற்காகப் பிறந்ததோ அதை அன்றுதான் செய்தது. லாரிகள் பின்னோக்கி ஓடின. முதுகை யாரோ சீட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார்கள். கண்ணாடியில் அப்பாவின் கண்கள் என்னைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தன. நான் கைதட்டி, "இன்னும் வேகமாப்பா" என்று கத்தினேன்.

வேகம் குறைந்தது. வண்டி ஓரமாகப் போய் நின்றது. அப்பா இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றார். வெகுநேரம் நின்றார். உள்ளே வெயில் ஏறியது. எனக்குக் கதவு இல்லை. முன்சீட்டை மடக்கவும் தெரியவில்லை. கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அழுதேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். ஓடி வந்து, சீட்டை மடக்கி என்னை வெளியே தூக்கினார். "அப்பா உன்னை உள்ளயே விட்டுட்டனே," என்று ரோட்டோரத்து மண்ணில் உட்கார்ந்து என் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம்தானே விட்டார், இதற்கு ஏன் இவ்வளவு என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. வழியில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். மாட்டுவண்டி வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம்.

அதன் பிறகு அப்பா அந்தக் காரை ஓட்டவில்லை. தார்ப்பாய்க்குள் நின்று டயர் உட்கார்ந்தது. கடைசியில் காயலான் கடைக்காரர் வந்து இழுத்துப் போனார். அப்பா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், வருகிற போகிற வண்டிகளின் எண்ணை எழுதும் வேலைக்குப் போனார். இன்றும் போகிறார். எந்தக் காரின் கதவையும் அவர் தொட்டுப் பார்ப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நான் குதித்து இறங்கி, எவ்வளவு வேகமாகப் போனோம் தெரியுமா, நீதான் வராமல் போய்விட்டாய் என்று அவளிடம் பெருமையடித்தேன். அவள் என் முகத்தையும் கைகால்களையும் தடவித் தடவிப் பார்த்தாள். வேகம் என்றால் அம்மாவுக்குப் பயம் என்று முடிவு செய்துகொண்டேன். அப்பாவைத் திருப்பிக் கொண்டுவர அவளிடம் இருந்தது நான் ஒருத்திதான் என்பதும், என்னையும் அந்த வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் மூன்று மணி நேரம் அங்கே நின்றாள் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.