விசில் வராத கறி

பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருந்த மாடிக்குக் கீழே வீட்டுக்கார அக்கா இருந்தார். சைவம். கவுச்சி கூடாது என்று சொல்லித்தான் சாவி கொடுத்தார். எங்களுக்கோ மாட்டுக்கறி இல்லாத ஞாயிறு ஞாயிறே இல்லை. குக்கரில் வைத்தால் விசில் காட்டிக்கொடுக்கும், மசாலா போட்டால் தெருவுக்கே மணக்கும். அதனால்தான் பாஸ்தா. கொத்துக்கறியை வெண்ணெயில் வதக்கி, பாஸ்தாவைப் போட்டு, பாலும் பாலாடையும் ஊற்றினால் சீக்கிரம் முடிந்துவிடும். சொந்த அடுப்படியில் திருடியைப் போல, கரண்டிச் சத்தம் கேட்காமல் கிளறுவேன். நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

ஒரு ஞாயிறு கதவு தட்டப்பட்டது. திறந்தால், ரசக் கிண்ணத்தோடு அக்கா.

"என்னம்மா, தாளிக்கிற வாசமே காணோம்? மேலுக்கு முடியலையா?"

கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். "அடி பிடிக்குது பாரு" என்று கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டு, அவரே கேஸை அணைத்து, சட்டியை எட்டிப் பார்த்தார்.

"பால்லயா செஞ்ச? இது மீல்மேக்கரா? ஒரு துளி வை, உப்புப் பாக்குறேன்."

உள்ளங்கையை நீட்டினார். ஆமாம் என்று சொன்னால் வீடு தப்பும். கரண்டியை எடுத்தேன். கீழே வைத்தேன்.

"வேணாங்க்கா. கறி போட்டிருக்கு."

"என்ன கறி?"

"மாடு."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மாதக் கடைசியில் காலி செய்தோம். ரசக் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுபோய் நீட்டினேன்.

"அத நீயே வச்சுக்க" என்றார்.