மற்ற டொக்டர்

அந்தக் கொப்பிக்கு இரண்டு முன்பக்கங்கள். ஒரு பக்கத்தால் திறந்தால் இங்கிலாந்து வைத்தியர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. தலைகீழாகத் திருப்பி மறுபக்கத்தால் திறந்தால் கனடாவில், ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடியில் இருந்த தமிழ்ச் சனங்களின் வருத்தங்கள்: யாருக்குச் சீனி, யாருக்குப் பிரஷர், யார் குளிசையைப் பாதியில் நிறுத்தியவர் என்று. இரண்டையும் எழுதியவர் டொக்டர் அண்ணை. நீல மட்டை, எண்பது பக்கம், மூலைகள் மடங்கிப் போனது. இன்று அது அஜின்கோர்ட்டில் என் கிளினிக் மேசையின் கீழ் லாச்சிக்குள் கிடக்கிறது. என்னுடையதல்ல. தொலைந்துவிட்டது என்று நான் பொய் சொன்ன கொப்பி.

டொக்டர் அண்ணை மருத்துவக் கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் மூத்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். நான் மட்டக்களப்பு. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நான் முதலில் வந்தேன், அடுத்த வருடம் அவர் வந்தார். ஊரில் இருவரும் டொக்டர்கள். ரொறன்ரோவில் வைத்திய லைசென்ஸ் சோதனை பாஸ் பண்ணி, ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி இடமும் கிடைக்கும்வரை இருவரும் ஒன்றுமில்லை. நான் கதவுக் கைபிடி செய்யும் ஃபக்டரியில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். அவருக்கோ வந்த இரண்டாம் மாதமே பல்கலைக்கழக நூலகமொன்றில், திரும்பி வரும் புத்தகங்களைத் தட்டில் அடுக்கும் வேலை கிடைத்தது. சம்பளம் என்னுடையதைவிடக் குறைவுதான். ஆனாலும் என் கையில் கிரீஸ் நாறும்போது அவர் கையில் பழைய புத்தக வாசனை என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதுதான் தொடக்கம்.

சனிக்கிழமை காலைகளில் எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் லோன்றி அறைக்கு எல்லாரும் உடுப்புத் தோய்க்க வருவார்கள். மெஷின் ஓடி முடியும்வரை முக்கால் மணித்தியாலம் சும்மா நிற்கவேண்டும். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக் கடிதங்களையும் குளிசைப் போத்தல்களையும் உடுப்புக் கூடைக்குள் வைத்துக்கொண்டு வந்து டொக்டர் அண்ணையிடம் காட்டுவார்கள். அவர் கடிதத்தை வாசித்துச் சொல்வார், எந்தக் கிளினிக்குக்குப் போகவேண்டும், அங்கே என்ன கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். யாரையும் தொடமாட்டார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டியபடிதான் நிற்பார். “லைசென்ஸ் இல்லாதவன் கதைக்கலாம், தொடக்கூடாது” என்பது அவர் சட்டம். நானும் பக்கத்தில் நிற்பேன். என் கூடையிலும் உடுப்பு, என் தலையிலும் அதே படிப்பு. சனம் என்னைத் தாண்டி அவரிடம் போகும். அவர் வரப் பிந்தினால் மட்டும், “அப்ப மற்ற டொக்டரிட்டயாவது கேப்பமே?” என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கட்டடத்தில் எனக்கு அதுதான் பெயர்.

அந்த இங்கிலாந்து வைத்தியரை அவர் நூலகத்துத் தட்டில் கண்டுபிடித்தார். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய மனிதர். ஒக்ஸ்போர்ட்டில் ரசாயனம் படிப்பித்து, படையோடு ஸ்பெயினுக்குப் போய் வைத்தியம் பார்த்து, பிறகு லண்டனில் பேரெடுத்து, பாராளுமன்றத்திலும் இருந்தவர். அரசனுக்கு எதிரான சதியில் பங்கு என்று சந்தேகப்பட்டு அவரை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். அவர் அங்கே இருந்துகொண்டே வைத்தியத்தின் சரித்திரத்தை எழுதினார். டொக்டர் அண்ணை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்து, வீட்டுக்கு வந்து தமிழில் எழுதுவார். பிறகு என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார். சோதனைப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு, இந்த மனிதருக்கு இதற்கும் எங்கே நேரம் கிடைக்கிறது என்று எரிச்சலாக வரும். எரிச்சலோடு போய் முழுவதையும் கேட்டுவிட்டு வருவேன்.

அந்தக் கதையில் ஒரு நண்பர் உண்டு. அவரும் பெரிய வைத்தியர். நாட்டின் பிரதமருக்கு வருத்தம் வந்தபோது, சிறையில் இருப்பவரை விட்டால்தான் நாடி பிடிப்பேன் என்று அடம்பிடித்து அவரை வெளியே எடுத்தாராம். வெளியே வந்தவரிடம், அவர் இல்லாத நாட்களில் தான் பார்த்த அவருடைய நோயாளிகளையும் அவர்கள் கொடுத்த காசையும் அப்படியே ஒப்படைத்தாராம். டொக்டர் அண்ணை இன்னும் எழுதாத அந்த இடத்தை வாயால் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவார். “நான் எழுதுறது உள்ளுக்கிருந்தவரைப் பற்றித்தான். ஆனா ஐசே, எனக்குப் பிடிச்சது மற்ற டொக்டரை” என்பார். என்னைக் குத்துகிறார் என்றே அப்போது நினைத்தேன்.

எண்பத்தாறாம் ஆண்டு பனிக்காலத்தில் அவருக்கு இருமல் நிற்கவில்லை. தனக்கு என்னவென்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. சளியைச் சோதித்து, கிருமி உண்டென்று கண்டு, ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். மனைவியும் மகளும் ஊரில். இங்கே தனியாக இருந்தவர். ஆகவே என்னைத் தவிர வேறு ஒருவருக்கும் விஷயம் தெரியாது. சனத்துக்கு நியூமோனியா என்று சொல்லச் சொன்னார். புறப்படும் காலையில் கட்டட வாசலில் வைத்து அந்தக் கொப்பியை என்னிடம் தந்தார்.

“இதை உள்ளுக்குக் கொண்டுபோனா எழுதி முடிக்கலாமே, அண்ணை” என்றேன்.

“சனத்தின்ர குறிப்பெல்லாம் அதுக்குள்ள கிடக்கு. நீர் வைச்சிரும். சனிக்கிழமையைப் பாத்துக்கொள்ளும்.”

எழுத்தைவிடச் சனத்தைப் பெரிதாக நினைத்தார். அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

சனிக்கிழமைகள் என்னுடையவை ஆகின. மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் காலத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக வேறெப்போதும் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமையே போடவேண்டிய சேர்ட்டை அயர்ன் பண்ணி மினுக்கி வைப்பேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். சனம் வந்தது, ஆனால் ஒவ்வொருவரும் போகும்போது, “டொக்டர் அண்ணை எப்ப வாறார்?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். ஐந்தாவது கிழமை, மூன்றாம் மாடி அன்ரி கையில் ஒரு கடிதத்தோடு மெஷினுக்குப் பக்கத்தில் நின்றா.

“குடுங்கோ அன்ரி, நான் பாக்கிறன்.”

“இல்லைத் தம்பி, அவசரமில்லை. அவர் வந்தாப் பிறகு காட்டுவம்.”

“அவர் வர நாளாகும்,” என்று குரலைத் தாழ்த்தினேன். “கசம். ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ.”

காசநோய் மருந்தால் மாறும் என்று படித்தவன் நான். அந்தச் சொல் எங்கள் சனத்தின் காதில் விழுந்தால் என்னவாகும் என்பதும் எனக்குத் தெரியும். அது வந்த வீட்டில் ஒருவரும் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார்கள். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ என்று சேர்த்தால் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதும் தெரிந்தே சேர்த்தேன். அன்ரி கடிதத்தை என்னிடம் நீட்டினா. கண் பார்க்கிற திகதியை மாற்றியிருக்கிறோம் என்று ஒரே ஒரு வரி. அதற்காகத்தான் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் அவர் திரும்பி வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் இனி ஒருவருக்கும் தொற்றாது என்று ஆஸ்பத்திரியே சொல்லி அனுப்பியிருந்தது. முதல் சனிக்கிழமை கூடையைத் தூக்கிக்கொண்டு லோன்றி அறைக்கு வந்தார். உள்ளே நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள், சுகம் கேட்டார்கள், ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். ஒரு தாய் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. ஈர உடுப்பை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர் வழக்கம்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷின் ஓடி முடியும்வரை நின்றார். அடுத்த கிழமையும் வந்து நின்றார். மூன்றாவது கிழமை வரவில்லை.

சனம் என் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கியது.

அவர் ஒருநாள் என் கதவடிக்கு வந்தார். உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை. “அந்தக் கொப்பி இருக்கோ?”

எனக்கு அந்தக் கொப்பி தேவைப்பட்டது. அதில்லாமல் எனக்கு யாருடைய வருத்தமும் தெரியாது. “வேலைக்குக் கொண்டுபோன இடத்தில தவறிப்போச்சு, அண்ணை.”

என்னை நேராகப் பார்த்தார். விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன் மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியாதா? “பரவாயில்லை. கதை உமக்குத் தெரியும்தானே. எப்பவாவது நீர் எழுதும்,” என்றார். மாதமுடிவில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் கொப்பியை முழுதாகப் புரட்டினேன். அதுவரை நான் சனத்தின் பக்கத்தை மட்டும் பார்த்துவந்தேன். வரலாறும் வருத்தங்களும் வந்து சந்திக்கவேண்டிய நடுத்தாளில், ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட திகதியைப் போட்டு அவர் எழுதியிருந்தார்:

“தம்பி. வயது முப்பத்தொன்று. நித்திரை இல்லை, முகம் வாடியிருக்கிறது. சோதனைக் கவலை மட்டுமல்ல. சனம் தன்னிடம் வருவதில்லை என்ற மனக்குறை. நல்ல வைத்தியர், என்னைவிடப் பொறுமையாகக் கேட்பவர். நான் திரும்பி வந்தபின் சனிக்கிழமைகளை அவரிடமே விட்டுவிட வேண்டும். கேட்டால் நூலகத்தில் வேலை கூடிவிட்டது என்று சொல்லலாம்.”

தரவிருந்ததைத்தான் களவெடுத்திருக்கிறேன். வெட்கப்படுவதற்கு முன் எனக்கு வந்தது கோபம். இதிலும் என்னை முந்திவிட்டாரே என்ற கோபம்.

எண்பதுகள் முடியும்போது எனக்குப் பயிற்சி இடம் கிடைத்தது. அவர் பிறகு சோதனை எழுதவேயில்லை. நூலகத்திலேயே இருந்து ஓய்வுபெற்றார். போன வருடம் யூனியன்வில்லில் மகள் வீட்டில் காலமானார். இறுதிச் சடங்குக்குப் போயிருந்தேன். மூன்றாம் மாடி அன்ரி சக்கர நாற்காலியில் வந்திருந்தா. அழுதுகொண்டே பேத்திக்கு என்னைக் காட்டினா: “இவர்தான் அந்த நாளையில எங்கட மற்ற டொக்டர்.”

நோயாளிகள் எல்லாரும் போனபிறகு இன்று கொப்பியை எடுத்து வரலாற்றுப் பக்கத்தால் திறந்தேன். சிறைக்கதவு திறந்து வைத்தியர் வெளியே வருவதோடு அவருடைய எழுத்து நிற்கிறது. அடுத்து எழுதவேண்டியது அந்த நண்பர் எல்லாவற்றையும் திருப்பி ஒப்படைக்கும் இடம். கதை எனக்குத் தெரியும்தான். பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலமாக இருக்கிறேன், ஒரு வரி வரவில்லை. டொக்டர் அண்ணைமேல் இருந்த பொறாமை எல்லாம் எப்போதோ அடங்கிவிட்டது. இப்போது பொறாமையாக இருப்பது அந்த நண்பரை நினைத்துத்தான். அவரால் திருப்பிக் கொடுக்க முடிந்தது.