தக்கைக்குப் பின்னால் ஒரு முழம்

தையல்காரியின் புருஷன் உடம்பில் ஒரு கிலோவாவது ஏறாவிட்டால் அடுத்த ஆபரேஷன் கிடையாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை வரைதான் கெடு. மூக்கு வழியாகக் கஞ்சி இறக்கக் குழாய் போட வந்த நர்ஸின் கையை அந்த மனுஷன் தட்டிவிட்டார். தொண்டையில் கத்தி வைத்ததிலிருந்து பேச்சும் நின்றுபோனது. எல்லாம் சிலேட்டில்தான்.

மனைவி கெஞ்சினாள், திட்டினாள். “என்னதாங்க வேணும்? வாயத் தொறந்து...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“குளத்து மீன்” என்று எழுதினார்.

கடையில் மீன் வாங்கி சூப் வைத்தாள். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை தைக்க வந்த துணிகளை அப்படியே போட்டுவிட்டு, அவருடைய தூண்டிலோடு பழைய கல்குவாரிக் குளத்துக்குப் போனாள். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத கழி, தலைமுடி மாதிரி நைலான் நரம்பு. உள்ளங்கை அகல மீன்கள் நடுக்குளத்தில் மேலே வந்து பூச்சிகளைக் கொத்திக்கொண்டிருந்தன. புழுவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி அவர் செய்து வைத்திருந்த பொய்ப் பூச்சியைக் கட்டி வீசினாள். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் தோளிலேயே மாட்டியது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவரிடம் சொன்னாள்.

“அதுக்கு ஏது எடை? குட்டித் தக்கை கட்டு. தக்கைதான் பறக்கும். பூச்சி பின்னாடி ஒரு முழம் தள்ளி” என்று எழுதினார். அழித்துவிட்டு மறுபடி: “ஊசில நூல் கோக்குறவளுக்கு இது வராதா?”

புதன்கிழமை முழுக்க நரம்புச் சிக்கலும் முட்புதரும்தான். மூன்று பூச்சிகள் போயின. வியாழன் மதியம் கையில் இருந்தது கடைசிப் பூச்சி. தக்கை விழுந்த வளையங்கள் அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரீலை இரண்டு சுற்று சுற்றினாள், நிறுத்தினாள். தக்கை ஒருபக்கமாக நகர்ந்தது. தூக்கினாள். கழி வில்லாக வளைந்தது. கரைக்கு வந்த மீனைப் பார்த்து, “வாடா என் ராசா” என்று வாய்விட்டு அழுதாள்.

அன்று ராத்திரி அந்த மீன் சூப்பை நீட்டியபோது அவர் சிலேட்டைத் தேடினார்.

“எப்படி கடிச்சுது?”

“தக்கை முங்கல. பக்கமா நகந்துச்சு. இழுத்துட்டேன்.”

“அவசரப்பட்டுட்டே. முள்ளு வாயோரத்துலதான் மாட்டியிருக்கும்.”

அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “மூணு நாளா அந்தக் கரையில நாயா அலைஞ்சிருக்கேன். பாடம் நடத்துறீங்களா? முழுங்குங்க! நான் தனியா என்ன பண்ணுவேன்? முழுங்குங்க!”

நான்கு கரண்டி முழுங்கினார். ஐந்தாவது மூக்கு வழியாக வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எடைபார்த்ததில் இருநூறு கிராம் குறைந்திருந்தது. அவள் வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஓடிவந்தாள்.

“அம்மா, வாங்க. அவரே மூக்கக் காட்டி குழாய் போடச் சொல்றாரு.”

குழாய் இறங்கும்போது அவர் பிடி அவள் விரல்களை நொறுக்கியது. ஆபரேஷன் நடக்குமா என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார்கள். அவர் கண்ணயர்ந்ததும் வெளியே வந்தாள். வாசல் கடையில் ஒரு பன் வாங்கி, நின்றபடியே தின்றாள்.