இரு கரையிலும் அடிபட்டவர்

கிரேன்காரரின் வலது மணிக்கட்டை உடைத்தது வேறு யாரும் இல்லை, கூடப் பிறந்த தங்கையின் கணவர்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் அது நடந்தது.

கடலுக்குள் கல் போடுகிற வேலை அவருக்கு. இருபது வருடப் பழக்கம். மூன்று டன் பாறையைக் கொக்கியில் தூக்கி, அலை பின்வாங்குகிற நேரம் பார்த்து, பக்கத்துக் கல்லோடு இடுக்கு விழாமல் உட்கார வைப்பார். "மனுஷன் கல்லைப் போடல, படுக்க வைக்கிறாரு" என்று டிப்பர் லாரிக்காரர்கள் சொல்வார்கள்.

அவர் குடியிருந்த தெற்குக் கரையில் ஆறே வருடத்தில் இரண்டு தெருக்களைக் கடல் தின்றிருந்தது. கடல் ஏறுகிறது, தரையும் அடியில் இறங்குகிறது என்று என்ஜினீயர் சொன்னார். அதனால் கரையிலிருந்து கடலுக்குள் வளைந்து போகும் கல்சுவர் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். தூண்டில் வளைவு என்று அதற்குப் பெயர். நான்கே மாதத்தில் அதன் மடியில் மணல் சேர்ந்தது. தெருக்காரர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அது வடக்கே போக வேண்டிய மணல். நடந்தால் கால் மணி நேரத் தூரத்தில், வடக்குக் கரையில்தான் தங்கை வீடு.

"அண்ணே, சமையக்கட்டுச் சுவர்ல விரிசல் விட்டிருக்கு. கல்லு போடறத நிறுத்தச் சொல்லேன்" என்று போனில் கேட்டாள்.

"கடல்னா அப்படி இப்படித்தான் இருக்கும். பயப்படாத."

சொன்னாரே தவிர, அவருக்குத் தெரியும். இங்கே மணல் நின்றால் வடக்குக் கரை அரிக்கும் என்று என்ஜினீயர் முதல் நாளே மண்ணில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டியிருந்தார். தெரிந்தும் மறுநாள் கிரேனில் ஏறினார். தன் வீடு நிற்க வேண்டுமே.

அந்தச் செவ்வாய்க்கிழமை வடக்கிலிருந்து நாற்பது பேர் கம்பியும் துடுப்புமாகக் கல்சுவர் மேல் ஓடி வந்தார்கள். முதலில் மாட்டியவர் ஒரு டிப்பர்காரர். துடுப்பு அவர் மண்டையில் விழுந்த சத்தம் இன்ஜின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. கூட்டத்துக்கு முன்னால் தங்கை புருஷன், அவருடைய மச்சான், நின்றிருந்தார்.

"இறங்கு மச்சான். இன்னைக்கு ஒரு கல்லு விழக்கூடாது."

"வேலை செய்யறவன்கிட்ட வந்து என்ன வீரம்? ஆபீஸ்ல போய்ப் பேசு."

"ஏழு தடவை பேசியாச்சு. உன் கை நின்னாத்தான் இது நிக்கும்."

கதவைப் பிடித்திருந்த கையின் மேல் கம்பி இறங்கியது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. வலி வருவதற்குள் ஆத்திரம் வந்துவிட்டது. இருக்கைக்கு அடியில் கிடந்த பெரிய ஸ்பேனரை இடது கையால் உருவி மச்சான் வாயில் அடித்தார். அடுத்த அடி தாடையில். மூன்றாவது எங்கே விழுந்தது என்று அவருக்கு நினைவில்லை. இருவரும் கட்டிப் புரண்டு பாசி பிடித்த பாறை மேல் விழுந்தார்கள். அலை வந்து ரத்தத்தைக் கழுவிப் போனது, மறுபடி வழிந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டில் பஞ்சம். இருவரையும் அடுத்தடுத்துப் போட்டார்கள். சாயங்காலம் தங்கை வந்தாள், இடுப்பு வரை சேறு. அண்ணன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். புருஷன் வாயில் கட்டு இருந்ததால் அவருக்குத் தோளில் ஒன்று.

"நீங்க ரெண்டு பேரும் அங்க மல்லுக்கட்டிட்டு இருந்தப்போ வீட்டுப் பின்பக்கம் மொத்தமா போயிடுச்சு. அத்தையை நான் ஒருத்தியா இழுத்து வெளிய போட்டேன். காலு நசுங்கிக் கீழ் வார்டுல கிடக்காங்க. போய்ப் பாருங்க, ரெண்டு வீரனும்."

அவள் மாமியாரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கிரேன்காரர் வார்டு வாசல் வரை போனார். உள்ளே போக முகம் இல்லை, திரும்பிவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு முடிவு வந்தது. சுவரின் நுனியில் முப்பது மீட்டரைப் பிரித்தெடுப்பது; தேங்கிய மணலைக் குழாய் வழியாக வடக்கே இறைப்பது. கல்லை எடுக்க எந்த ஆபரேட்டரும் வரவில்லை. வந்தால் கையைக் காலை முறிப்போம் என்று தெற்குக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

"முறிஞ்ச கைதானே, நான் போறேன்" என்றார் இவர்.

"இந்தத் தெருவுல நாம குடியிருக்க வேணாமா?" என்றாள் மனைவி.

"இருக்கணும். அவளும் எங்கயாச்சும் இருக்கணும்ல."

மூன்றாம் நாளே கிரேன் கண்ணாடியைக் கல்லால் அடித்து நொறுக்கினார்கள். ஒரு சில்லு இடது புருவத்தைப் பிளந்தது. பக்கத்து வீட்டுக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர், காலரைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டு விலாவில் மிதித்தார்.

"கூட இருந்துகிட்டே குழி பறிக்கிறியா?"

ஸ்பேனர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. அவர் எடுக்கவில்லை. தலையை முழங்கைகளுக்குள் புதைத்துக்கொண்டு, போலீஸ் வரும் வரை மிதிபட்டார். விலா எலும்பு இரண்டு போயிற்று. ஒன்பது நாள் கழித்து, மார்பில் கட்டோடு மறுபடி ஏறி, மிச்சக் கல்லையும் எடுத்து முடித்தார்.

வடக்கே மணல் திரும்பியிருக்கிறது, முன்பு இருந்த அகலத்தில் பாதி. தெற்கே கடைசி வரிசையில் மூன்று வீடுகளைக் காலி செய்தார்கள். அதில் ஒன்று அவருடையது. வலது கையில் இரண்டு விரல் மடங்காததால் இப்போது மணல் இறைக்கும் பம்பில் வேலை. குழாய் நகர்த்துகிறவர்களில் மச்சானும் ஒருவர். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அடைப்பு என்று கையைக் காட்டினால் மச்சான் வந்து குழாயைத் தட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

ஒரு வருடத்துக்குப் பிறகுதான் தங்கையின் மாமியாரைப் பார்க்கப் போனார். "உக்காரு" என்று மட்டும் சொன்னார் அந்த அம்மாள். உட்கார்ந்தார்.